24 மணி நேரத்தை எங்கே வாங்குவது? டெக்சஸ் காப்பீட்டு உரிமமும் ஆன்லைன் பாடங்களும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் காப்பீடு விற்பவருக்குச் சட்ட ஏடுகளில் 'புரொடியூசர்' என்று பெயர். 2018-இல் தேர்வு எழுதி உரிமம் கைக்கு வந்த அன்று மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "படம் எடுக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று அம்மா கேட்டார். நான் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் இன்றும் பழைய வழக்கப்படி 'ஏஜென்ட்' என்றுதான் சட்டம் சொல்கிறது. வீட்டிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

தேர்வு ஒரு முறையோடு முடிந்துவிடும். புதுப்பிப்பு அப்படியல்ல, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து நிற்கும். பிறந்த மாதத்தின் கடைசி நாளுக்குள் 24 மணி நேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். அதில் 3 மணி நேரம் எதிக்ஸ், அதாவது தொழில்நெறி. குறைகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 50 டாலர் அபராதம். நான் மூன்று முறை புதுப்பித்துவிட்டேன், மூன்று முறையும் மூன்று விதமாக. எச்-4 என்ற, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் வந்து, 2015-க்குப் பிறகு வேலை அனுமதி பெற்று, என்னைப் போலவே இந்தத் தொழிலில் இறங்கிய தோழிகள் சிலர் உண்டு. பிறந்த மாதம் நெருங்கினால் அவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எந்தப் பாடத்தை வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எல்லாரும் போகிற வழி: நம் வசதிப்படி படித்து, கடைசியில் தேர்வு எழுதும் ஆன்லைன் பாடம். வெப்சிஇ, கப்ளான், ஏ.டி.பேங்கர், 360டிரெய்னிங் என்று கடைகள் நிறைய. மாநிலத்தையும் உரிம வகையையும் சொன்னால் 24 மணி நேரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவார்கள். விலை சில பத்து டாலர்கள்தான். இந்தக் கடைகளுக்குள் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கடை என்பதைவிட எந்த வகைப் பாடம் என்பதே முக்கியம். ஏன் என்பது, அந்த 'மணி நேரம்' எப்படி அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் புரியும்.

மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கமான என்.ஏ.ஐ.சி., ஆன்லைன் பாடங்களுக்கு ஒரு கணக்கைப் பரிந்துரைத்திருக்கிறது. பாடத்தில் உள்ள சொற்களை எண்ணி 180-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் மனிதர் 180 சொல் படிப்பார் என்பது கணக்கு. வரும் நிமிடங்களை 50-ஆல் வகுத்தால் கிரெடிட் மணி, அதாவது தொடர்கல்விக் கணக்கில் ஏறும் மணி நேரம். ஆக ஒரு மணி நேரம் என்பது 9,000 சொல், 24 மணி நேரம் 2,16,000 சொல். நாம் வாங்குவது நேரத்தை அல்ல, சொற்களை. எடை போட்டு விற்கும் பழைய புத்தகக் கடை நினைவுக்கு வந்தால் தவறில்லை.

அந்தக் கணக்கிலேயே ஒரு சலுகையும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அடிப்படை நிலைப் பாடத்துக்கு வந்த விடையை அப்படியே வைத்துக்கொள்வார்கள். இடைநிலைப் பாடமென்றால் 1.25-ஆல் பெருக்குவார்கள், மேல்நிலைப் பாடமென்றால் 1.5-ஆல். மேல்நிலையில் 6,000 சொல்லிலேயே ஒரு மணி நேரம் வந்துவிடும். 'காப்பீடு என்றால் என்ன' என்று எட்டாம் வகுப்புப் பாடம்போல் தொடங்கும் மூட்டையை விட்டுவிட்டு, தொழில் தெரிந்தவருக்கென்று எழுதிய பாடத்தைத் தேடி எடுத்தால் படிப்பதும் குறையும், கொட்டாவியும் குறையும்.

இந்த வழியில் நான் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். முதல் புதுப்பிப்பின்போது விலையை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தில் 24 மணி நேர மூட்டை வாங்கினேன். பெயர் வேண்டாம். இரவுகளில் பிள்ளைகள் தூங்கியபின் படித்து, எல்லாத் தேர்விலும் தேறி, சான்றிதழ்களை அடுக்கியும் வைத்துவிட்டேன். உரிமம் காலாவதியாக மூன்று வாரம் இருக்கும்போதுதான் டெக்சஸ் காப்பீட்டுச் சட்டத்தின் அந்த விதி கண்ணில் பட்டது: தேவையான மணி நேரத்தில் பாதியாவது வகுப்பறையிலோ, வகுப்பறைக்கு இணையானது என்று மாநிலம் ஒப்புக்கொண்ட முறையிலோ இருக்க வேண்டும். நான் வாங்கியது முழுக்க 'சுயபடிப்பு' வகை. 24-இல் 12 தான் செல்லும். மீதி 12-ஐ மூன்று வாரத்தில் மறுபடி காசு கொடுத்து, மறுபடி படித்து முடித்தேன்.

இதற்கு வெபினாருக்கோ வகுப்புக்கோ ஓட வேண்டும் என்பதில்லை. நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, பதில் சொன்னால்தான் மேலே நகரும் ஆன்லைன் பாடங்கள் உண்டு. அவற்றில் பல 'வகுப்பறைக்கு இணை' என்று அங்கீகாரம் பெற்றவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்கும் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையை எடுக்கவும்.

இரண்டாம் புதுப்பிப்பில் சூடுபட்ட பூனையாக வெபினார் பக்கம் போனேன். ஆசிரியர் நேரலையில் பேசுவார், நாம் கேட்க வேண்டும். பெரும்பாலும் கடைசியில் தேர்வு கிடையாது. தேர்வு என்றாலே கை நடுங்குபவர்களுக்கு இதுவே போதும். விலை சுயபடிப்பைவிடக் கூடுதல், ஆனால் எதிக்ஸ் போன்ற பாடத்துக்குக் கொடுக்கலாம். சட்டப் பிரிவுகளை வரிவரியாகப் படிப்பதைவிட, முப்பது ஆண்டு தொழில் செய்த ஒருவர் "இந்த ஏஜென்டின் உரிமம் ஏன் போனது தெரியுமா?" என்று வழக்கு வழக்காகச் சொல்வது மண்டையில் ஏறுகிறது.

சிக்கல் எங்கே என்றால், உட்கார்ந்திருக்கிறோமா என்று சோதிப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் திரையில் ஒரு கேள்வியோ குறியீட்டு எண்ணோ வரும், மணிக்கு இரண்டு முறையாவது. குறித்த நேரத்துக்குள் சொடுக்காவிட்டால் வருகைக் கணக்கில் ஓட்டை. ஒரு சனிக்கிழமை காலை, காதில் ஹெட்போனோடு அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டு கேட்டேன். பாடம் ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. நுரை கட்டி வரும் நேரத்தில் பாத்திரத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால், கேள்வி வந்து போய்விட்டிருந்தது. நான்கு மணி நேர வகுப்பு. பகுதிக் கிரெடிட் கிடையாது என்று மின்னஞ்சல் வந்தது. ரசம் நன்றாக இருந்தது என்பதுதான் ஆறுதல்.

மூன்றாவது வழி இலவசம். காப்பீட்டு நிறுவனங்களும் மொத்தத் தரகர்களும் ஏஜென்டுகளுக்கு மதிய உணவோடு ஒரு மணி நேரப் பாடம் நடத்துவார்கள், சில சமயம் ஆன்லைனிலும். விற்பனை உத்தி, ஆள் பிடிக்கும் வித்தை, ஊக்கப் பேச்சு இவற்றுக்குத் தொடர்கல்விக் கிரெடிட் இல்லை என்பது பொது விதி. அதனால் கிரெடிட் உள்ள பகுதி ஓரளவு நேர்மையாகவே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பது விளம்பரம். சாப்பாட்டுக்காகப் போகலாம். 24-ஐ நிரப்ப இதை நம்பினால் பிறந்த மாதத்தில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நான்காவது வழியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. காப்பீட்டுத் தொழிலுக்கென்றே உள்ள பட்டப் படிப்புகள். ஆயுள் காப்பீட்டுக்காரர்களுக்கு, 1927-இல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் தரும் சி.எல்.யு. வீடு, கார், வணிகக் காப்பீட்டுக்காரர்களுக்கு, பென்சில்வேனியாவின் தி இன்ஸ்டிடியூட்ஸ் தரும் சி.பி.சி.யு. இவை மலையேற்றம். எனக்கு அந்த மூச்சு இல்லை. நான் எடுத்துக்கொண்டது டெக்சஸிலேயே, ஆஸ்டினிலிருந்து நடக்கும் நேஷனல் அலையன்ஸ் என்ற பயிற்சி நிறுவனத்தின் சி.ஐ.எஸ்.ஆர். பட்ட வகுப்புகள். (நிறுவனம் அண்மையில் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. தொழிலில் இன்னும் பழைய பெயர்தான்.) ஒரு பொருளுக்கு ஒரு முழு நாள், நேரிலோ ஆன்லைனிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடர்கல்விக் கிரெடிட் வந்துவிடும். பட்டம் வேண்டுமென்பவர்கள் மட்டும் தேர்வு எழுதினால் போதும். விலையைப் பார்த்தால், 24 மணி நேர மூட்டையைப்போலப் பல மடங்கை ஒரே நாளுக்குக் கேட்பார்கள். அங்கேதான் எல்லாரும் பின்வாங்குகிறார்கள். நானும் இரண்டு முறை பின்வாங்கியவள்தான்.

மூன்றாம் முறை வீட்டுக் காப்பீட்டு வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் பாலிசிப் படிவத்தையே மேசையில் விரித்து, ஒரு பத்தி ஒரு பத்தியாகப் பிரித்துக் காட்டினார். கூரைக்கு மாற்றுவிலையா (புதிதாகப் போட ஆகும் முழுச் செலவு), தேய்மானம் கழித்த விலையா என்பது பின்னிணைப்பில் ஒரு வரியில் ஒளிந்திருக்கும் என்பதை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சில மாதம் கழித்து டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தம்பி பேசினான். வீடு வாங்கி இரண்டு ஆண்டு, வேறு ஒருவரிடம் எடுத்த பாலிசி. "அக்கா, வேறு கம்பெனியில் வருடத்துக்கு 600 டாலர் குறைவாகத் தருகிறார்கள், மாறிவிடட்டுமா?" என்றான். இரண்டு பாலிசியையும் அனுப்பச் சொன்னேன். புதியதில் கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள், அதாவது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, இரண்டிலும் 2 சதவீதம்.

அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டின் காப்பீட்டுத் தொகை 4 லட்சம் டாலர், 2 சதவீதம் என்றால் 8,000 அவன் கையிலிருந்து. கூரை மாற்ற 20,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய பாலிசியில் 12,000 கிடைக்கும். கூரையின் ஆயுளில் பாதி முடிந்துவிட்டதென்றால் புதிய பாலிசி 10,000-க்குத்தான் மதிப்பிடும். அதில் 8,000 போனால் மிச்சம் 2,000. வடக்கு டெக்சஸில் வசந்த காலத்தில் வானம் பச்சையாகக் கறுக்கும்போது இந்தப் பத்தாயிரத்தின் அருமை தெரியும். அவன் மாறவில்லை. இப்போது அவன் காரும் என்னிடம்தான். சுயபடிப்பு மூட்டையிலும் இதே விஷயம் எங்கோ இருந்திருக்கும், 2,16,000 சொற்களில் ஒரு முப்பது சொல்லாக. நான் அதைத் தாண்டிப் போயிருப்பேன், தேர்விலும் 70 சதவீதத்தில் தேறியிருப்பேன்.

அதற்காக எல்லாரும் அந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆயுள் காப்பீடு மட்டும், அதுவும் பகுதி நேரமாக, ஆண்டுக்குப் பத்துப் பாலிசி விற்பவர்களுக்கு அந்தச் செலவு கட்டாது. அவர்களுக்கு 'வகுப்பறைக்கு இணை' என்று போட்ட ஆன்லைன் பாடம், முடிந்தால் இடைநிலையோ மேல்நிலையோ, எதிக்ஸுக்கு மட்டும் ஒரு வெபினார். அவ்வளவே. வீடும் கடையும் காப்பீடு செய்பவர்கள் ஒரு சுற்றுக்கு ஒரு நாளாவது நல்ல வகுப்புக்குக் கொடுத்துவிட்டு மீதியை மலிவாக நிரப்பலாம். நான் இப்போது அப்படித்தான்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கில் 15 மணி நேரம்தான். ஆனால் சுயபடிப்புத் தேர்வை எழுதும்போது சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் ஒருவர் கண்காணிக்க வேண்டும், கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடியாது. இல்லினாயில் 24 மணி நேரத்தில் எதிக்ஸ் 3 மட்டும் வகுப்பறையிலோ வெபினாரிலோ இருக்க வேண்டும், அங்கே சுயபடிப்பு எதிக்ஸை வாங்கினால் காசு வீண். ஃபுளோரிடாவில் உரிம வகைக்கேற்ற சட்டமும் நெறியும் பற்றிய 4 மணி நேரப் பாடம் ஒன்று கட்டாயம். ஒரு நல்ல செய்தி: சொந்த மாநிலத்தில் முடித்துவிட்டால், வெளிமாநில உரிமங்களுக்குப் பொதுவாகத் தனியாகத் தொடர்கல்வி கேட்கமாட்டார்கள். என் ஓக்லஹோமா உரிமத்துக்கு நான் கட்டணம் மட்டும்தான் கட்டுகிறேன்.

இந்த 24-இலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியவையும் உண்டு. ஆனுவிட்டி (ஓய்வுக்காலத்தில் தவணையாகப் பணம் தரும் திட்டம்) விற்கும் முன் 4 மணி நேரப் பயிற்சி, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு முதலில் 8, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 4, வெள்ளக் காப்பீட்டுக்கு 3. இவை அந்தந்தப் பொருளை விற்பதற்கான அனுமதி. எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தொடர்கல்விக் கிரெடிட்டும் சேர்த்துத் தரும் பாடமாகப் பார்த்து எடுத்தால் ஒரே உட்காரலில் இரண்டும் முடியும்.

பாடம் முடிந்ததும் சான்றிதழைக் கணினியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நடத்திய நிறுவனம் மாநிலத்துக்குத் தகவல் அனுப்பினால்தான் கணக்கில் ஏறும். பல மாநிலங்களில் சர்கான் என்ற உரிமப் பதிவுத் தளத்தில் நம் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் முடித்து, அவர்கள் அனுப்பத் தாமதித்தால் நடுவில் தவிப்பது நாம்தான். என் பிறந்த மாதம் ஜூன். இந்தச் சுற்றில் 15 மணி நேரம் ஏறியிருப்பதை நேற்று பார்த்தேன். மீதி 9-இல் எதிக்ஸ் 3-க்கு ஒரு சனிக்கிழமை வெபினார் பதிவு செய்திருக்கிறேன். அன்று சமையல் என் கணவர்.