‘விமானத்துக்கு ஏற்றது’ என்று விற்கப்படும் துப்பாக்கிப் பெட்டி: ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருந்து, அதைப் போட்டிகளுக்காக விமானத்தில் எடுத்துச் செல்லும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாசில் வசிக்கும் நான், பாயிண்ட் 22 என்ற சிறு தோட்டா வகைக் கைத்துப்பாக்கியால் இலக்கைக் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். சென்ற கோடையில், ஒஹாயோ மாநிலத்து ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன கேம்ப் பெர்ரியில் முதன்முறையாகச் சுடுவதற்குப் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தேன். அந்தப் போட்டிக்கு நான் போய்ச் சேரவே இல்லை. அதற்குக் காரணம் ஒரு பெட்டி.

துப்பாக்கிப் பெட்டி என்றாலே கறுப்பு பிளாஸ்டிக்கும், மேலே துப்பாக்கி நிறுவனத்தின் பெரிய முத்திரையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அப்படியொன்றைக் கையில் பிடித்தபடி விடுதி வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் நடப்பது, திருடனுக்கு நாமே வழிகாட்டுவதாகும். ஆகவே, பார்வைக்குக் கேமரா பை போலிருக்கும் ஒன்றை இணையக் கடையொன்றில் 139 டாலர் கொடுத்து வாங்கினேன். ‘கடினப் பெட்டி, விமானப் பயணத்துக்கு அனுமதி பெற்றது, பூட்டு இலவசம்’ என்று விளம்பரத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். வந்த பொருள் அழகாகத்தான் இருந்தது. சாம்பல் நிறத் துணி, உள்ளே பஞ்சு மெத்தை, சுற்றிலும் ஜிப், அதன் இரு இழுவைகளையும் சேர்த்துப் போடும் சிறு பூட்டு. தட்டிப் பார்த்தபோது கெட்டியாகவே கேட்டது. துணிக்குள் தைக்கப்பட்டிருந்தவை மேலும் கீழும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் மட்டுமே என்பதும், பக்கவாட்டில் வெறும் துணிதான் என்பதும் எனக்குப் பின்னரே தெரியவந்தன.

விமான நிலையத்தில், தோட்டா ஏற்றாத துப்பாக்கி ஒன்று என்னிடம் இருப்பதை முறைப்படி கவுன்ட்டரில் அறிவித்து, சீட்டில் கையெழுத்திட்டேன். அதன்பின் வந்த பாதுகாப்பு அதிகாரி, பூட்டியிருந்த பையின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். துணி உள்ளே குழிந்தது. சட்டைப் பையிலிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து அதன் முனையை ஜிப்பின் பற்களுக்கிடையே அழுத்தினார். பற்கள் பிரிந்து வழிவிட, இரண்டு விரல்கள் உள்ளே போய்த் துப்பாக்கியின் கைப்பிடியைத் தொட்டன. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. பின்பு அந்தப் பூட்டையும் இழுவைகளையும் சேர்த்து ஒருமுறை ஓட்டினார், ஜிப் பழையபடி மூடிக்கொண்டது. இப்படித் திறந்து மூடினால் தடயமே இருக்காது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, ஏற்க மறுத்துவிட்டார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. துப்பாக்கியை எங்கும் விட்டுச் செல்ல முடியாத நிலையில், என் மனைவி நாற்பது நிமிடம் கார் ஓட்டி வந்து அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்வரை காத்திருந்தேன். விமானமும் போயிற்று, கட்டிய பதிவுப் பணமும் போயிற்று.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முப்பது நாள் கடந்துவிட்டது என்றார். யாருடைய அனுமதி பெற்றது என்று கேட்டதற்கு, விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் என்று மழுப்பினார். உண்மையில், அமெரிக்க விமானப் பயணப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிஎஸ்ஏ எந்தத் துப்பாக்கிப் பெட்டிக்கும் அனுமதி முத்திரை வழங்குவதில்லை. கூட்டரசு விதி கேட்பது வேறு: தோட்டா ஏற்றாத துப்பாக்கி, பக்கங்கள் கடினமான பூட்டிய பெட்டியில் வைக்கப்பட்டு, கவுன்ட்டரில் ஒப்படைக்கும் சாமான்களோடு செல்ல வேண்டும்; சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். பூட்டிய நிலையிலும் நெம்பித் திறக்க முடிகிற பெட்டி செல்லாது. துப்பாக்கியோடு கடையில் தரும் பெட்டிகூடப் போதாமல் போகலாம் என்று டிஎஸ்ஏ தன் அறிவுரையிலேயே சொல்கிறது. இலவசமாக வந்த பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அதிகாரிகளின் பொதுச் சாவியால் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய பூட்டைப் போட டிஎஸ்ஏ அனுமதிக்கிறது என்றாலும், அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014இல் செய்தித்தாளில் வெளியாகி, 2015இல் முப்பரிமாண அச்சில் எவரும் செய்துகொள்ளும் அளவுக்குப் பரவிவிட்டதால், துப்பாக்கிக்கு நான் அதை நம்பமாட்டேன்.

இப்போது நான் வைத்திருப்பது புத்தகம் அளவே உள்ள ஓர் எஃகுப் பெட்டி. அதோடு வரும் கம்பிவடத்தை, பழைய துணி சூட்கேசின் உட்புறச் சட்டத்தில் சுற்றி மாட்டி, பெட்டியைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடுகிறேன். பூட்டிய கடினப் பெட்டியைச் சூட்கேசுக்குள் வைப்பதை விதி தடுக்கவில்லை. சாமானின் வெளிப்புறத்தில் ‘துப்பாக்கி உள்ளது’ என்று ஒட்டும்படி விமான நிறுவனம் வற்புறுத்தக் கூடாது என்று கூட்டரசுச் சட்டமே சொல்வதால், கவுன்ட்டரில் தரும் சீட்டும் உள்ளேயே போய்விடுகிறது. பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரு பழைய சூட்கேசைவிடச் சிறந்த வேடம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பெட்டிதான் வாங்குவீர்கள் என்றால், காலியாக இருக்கும்போதே எல்லாத் துளைகளிலும் பூட்டைப் போட்டு, ஒவ்வொரு மூலையையும் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழைந்தாலும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கடையின் பக்கத்தில் நான் படத்துடன் எழுதிய கருத்து இரண்டு நாளில் நீக்கப்பட்டது. ‘அனுமதி பெற்றது’ என்ற வாசகம் மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.