கைக்குழந்தையோடு படிக்க ரெகுலரா, கரஸ்ஸா?

எங்கள் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்குமே எம்.ஏ. படித்துக்கொண்டிருக்கும்போதுதான் குழந்தை பிறந்தது. மூத்தவர் என் ஓரகத்தி, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் கரஸ்ஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில் படிக்கிறார். நான் மதுரைக்குள் ஒரு கல்லூரியில் ரெகுலரில் எம்.ஏ. தமிழ் முடித்தேன். மாமியார் ஒருவர், அடுப்படி ஒன்று, செக்கானூரணியில் தண்ணி வரும் நேரம்கூட இருவருக்கும் ஒன்றுதான், ஆக ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான வீடு அமையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரெகுலர் கட்சி.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஃபீஸ் கரஸ்ஸில் குறைவு. பஸ் செலவு எனக்கும் இல்லை, 2021-இலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாதே. கரஸ் டிகிரிக்கு மதிப்பில்லை என்று சொந்தக்காரர்கள் கிளப்பும் பயத்துக்கும் இப்போது வேலையில்லை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கும் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022-இல் தெளிவாக அறிவித்துவிட்டது. லேப் உள்ள பாடம் என்றால் ரெகுலரை விட்டால் பெரும்பாலும் வழியில்லை.

ரெகுலரில் உதைக்கும் இடம் அட்டெண்டன்ஸ். எனக்கு மே கடைசியில் பிரசவம், ஜூன் கடைசியில் கல்லூரி திறந்துவிட்டார்கள். பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட பிறகுதான் அம்மா வீட்டிலிருந்து கிளம்பினேன், அதற்குள் ஆறு வாரம், 30 வேலை நாள் போய்விட்டது. செமஸ்டருக்கு 90 நாள், 75 சதவீதம் வேண்டும், என்னிடம் மிஞ்சியது 66 சதவீதம்தான். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டோடு போனால் ஆபீஸில் இருந்தவர், "மெட்டர்னிட்டி லீவ் கேக்குறதுக்கு இது என்னம்மா கவர்மெண்ட் வேலையா?" என்றார். படிக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் கொடுக்க விதிமுறை வகுக்கும்படி 2021 டிசம்பரிலேயே யுஜிசி பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன், அபராதம் கட்டியதோடு முடிந்தது. (பிஎச்.டி. படிப்பவர்களுக்கு விதியிலேயே 240 நாள் வரை விடுப்பு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.)

அடுத்து பால். இதில் கரஸ்தான் ஜெயிக்கும், மறுக்கவே மாட்டேன். அக்கா நினைத்த நேரம் கொடுத்தார். நான் காலை நாலு மணிக்கு எழுந்து எடுத்து வைக்க வேண்டும், ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும், அத்தை அதைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் போக்கிப் பாலாடையில் புகட்டுவார். வெளியே 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம் வைக்கலாம் என்கிறார்கள், நம்ம ஊரில் எந்த மாதம் வீட்டுக்குள் 25 டிகிரி இருந்தது? கல்லூரியில் மத்தியானம் பால் கட்டி வலி உயிர் போகும், ஒதுங்க இடமில்லாமல் பாத்ரூமில் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிய நாட்களில் அழுதிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை திறந்தது 2015-இல், கல்லூரிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஆறு மாதம் முடிந்து ராகிக் கூழ் ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

இவ்வளவு பட்டும் ஏன் ரெகுலர் என்கிறேன் என்றால், ஒரே காரணம்தான். பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் அது படிப்பு, வீட்டுக்குள் புத்தகத்தை விரித்தால் அது சும்மா இருப்பது. அத்தை கெட்டவர் இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு "நீ போயிட்டு வாத்தா" என்று அனுப்பி, நாலு மணி வரை முணுமுணுக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதே அத்தை, அக்கா பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு பதினோரு மணிக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "வீட்லதான இருக்க, செத்த இந்த அரிசியக் களஞ்சு போட்டுரு" என்பார். அரிசி முடிந்தால் சிலிண்டர்காரர், அவர் போனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதற்குள் பிள்ளை எழுந்துவிடும். அம்மா வீட்டில் இருப்பது தெரிந்தால் பிள்ளையும் வேறு யாரிடமும் போகாது, பாட்டி கையில் கொடுத்தால் கதவைப் பார்த்துக் கத்தும். என் பிள்ளை பத்து நாளில் பாட்டியோடு ஒட்டிக்கொண்டது. கப்பலூரில் கம்பெனி முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு வரும் என் வீட்டுக்காரர்கூட, எனக்கு மறுநாள் டெஸ்ட் என்றால் தொட்டிலை அவரே ஆட்டுவார், டெஸ்ட் என்ற வார்த்தைக்கு வீட்டில் அப்படி ஒரு மரியாதை. அக்காவுக்கோ ஜூனிலும் டிசம்பரிலும்தான் பரீட்சை, நடுவில் ஏன் படிக்கவில்லை என்று கேட்க ஆளில்லை. அவர் சேர்ந்த இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வை இரண்டு வருடத்திலும் முடிக்கலாம், நாலு வருடம் வரையும் இழுக்கலாம், அந்தத் தாராளம்தான் பிள்ளைக்காரிக்கு வரம் என்று நினைத்துச் சேர்ந்தார். இது அவருக்கு மூன்றாவது வருடம். என்னைவிட நன்றாகப் படிப்பவர் அவர், அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் முடித்துவிட்டேன், தொல்காப்பியத்தில் ஒரு அரியர் விழுந்து எழுந்ததோடு சரி.

ஆனால் நான் பேசுவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உள்ள வீட்டை வைத்து. மதுரைக்குள் தனிக்குடித்தனம், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தூரம் என்றால் என் கணக்கு பலிக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கு சுகப்பிரசவம், பிள்ளைக்கும் சளியைத் தாண்டி எதுவும் வரவில்லை, சிசேரியன் ஆனவர்கள் பத்து வாரத்தில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டாம். ஒரு வருடம் நிறுத்திவிட்டு மறுபடி சேர்வது மூன்றாவது வழி. என் வகுப்பில் ஒருத்தி அப்படி நிறுத்தினாள், இன்னும் திரும்பி வரவில்லை. ஒருத்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கரஸ்தான் என்று முடிவாகிவிட்டால் அக்கா இப்போது செய்வதைச் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் புடவை மாற்றி, பையை மாட்டி, இரண்டு பஸ் பிடித்து, புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறார். முதல் நாள் அத்தை "எங்கத்தா கிளம்பிட்ட?" என்று கேட்டார். "கிளாஸுக்கு அத்தை" என்றார் அக்கா. பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன்.