மலை இறங்க மஞ்சள் கண்ணாடி: வாங்கலாமா?

"எதிர் வண்டி லைட் கூசாது, பனிமூட்டத்திலும் ரோடு பளிச்சென்று தெரியும்" என்று சொல்லி, இரவில் வண்டி ஓட்டும்போது கண்ணில் மாட்டும் மஞ்சள் லென்ஸ் கண்ணாடியை விற்கிறார்கள். சில நூறு ரூபாய்தான். பவர் கண்ணாடி மேல் மாட்டும் கிளிப் வகையும் உண்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார் ஓட்டும் அறுபது தாண்டியவர்களுக்கு எங்கள் பதில்: இருட்டிய பிறகு இது வேண்டவே வேண்டாம்.

வயதானால் கண்ணின் பாப்பா இருட்டிலும் முழுதாக விரியாது. உள்ளே இருக்கும் லென்ஸும் மஞ்சளடித்து மங்கும். இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரையைத் தொடுகிறது. ஏற்கெனவே மஞ்சளான லென்ஸுக்கு முன்னால் இன்னொரு மஞ்சளா? கூச்சம் குறைந்த மாதிரி தோன்றுவது உண்மைதான். ஆனால் ரோட்டோரம் இருப்பதும் கூடவே மங்கிவிடுகிறது.

கோத்தகிரி ரோட்டில் காட்டெருமை நிற்பதை நினைத்துப் பாருங்கள். உடம்பு கன்னங்கரேல். ஹெட்லைட்டில் முதலில் கண்ணில் படுவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெளுப்பு மட்டும்தான். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் லென்ஸ் தின்றால் பிரேக் மிதிக்கத் தூரம் போதாது. எஸ்டேட் வேலை முடிந்து நீல ஸ்வெட்டரில் நடந்து வருபவரும் அப்படித்தான்: நீலத்தை வடிகட்டும் லென்ஸில் அது கறுப்பு.

பனிமூட்டத்தை மஞ்சள் ஊடுருவும் என்பது கதை. மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மூட்டத்தில் லோ பீம்தான் போட வேண்டும். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று தினசரி காலண்டரைக் கண்ணாடியோடும் இல்லாமலும் படித்துப் பாருங்கள், எதில் தெளிவு என்று தெரிந்துவிடும். கிளிப் வகை இன்னும் மோசம். நாலு பரப்புகள் ஆகிவிடுவதால் எதிர் லைட் இரண்டாகத் தெரியலாம்.

அதே காசுக்கு உருப்படியான வேலைகள் உண்டு. விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய்ப் படலமும் கூச்சத்தைக் கூட்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் பர்லியாறு தாண்டி ஏற ஏற விண்ட்ஷீல்டின் உள்பக்கம் வியர்க்கும். அப்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். மஞ்சளித்த ஹெட்லைட் மூடியை பாலிஷ் போடுங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். பவர் கண்ணாடிக்கு ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கோட்டிங் கேளுங்கள். எதிர் லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால் எந்தக் கடைக் கண்ணாடியும் உதவாது. அது கண்புரையாக இருக்கலாம், கண் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பகல் மூட்டத்துக்குப் போடலாம், தப்பில்லை. சாயங்காலம் லைட் போடும் நேரம் வந்ததும் கழற்றிவிடுங்கள்.