ஃபேனில் ஜெயித்த கார்பைடு பூச்சு, பாய்லருக்குள் என்ன ஆனது?

தொண்டிப் பக்கம் ஒரு விறகு பாய்லரில் பராமரிப்பு பார்க்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, கார்பைடு பூச்சு விலை இறங்கியிருக்கிறதாமே, ஃபேன், ஷீல்டு எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அடித்துவிடலாமா?" உலோகம் தேயாமல் இருக்க அதன் மேல் அடிக்கும் மிகக் கடினமான பூச்சைத்தான் அவர் கேட்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஆலை சீமைக்கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுப்பது. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து லோடு வருகிறது. தூரோடு தோண்டிய கட்டை என்றால் வேரில் ஒட்டிய மணலும் சேர்ந்தே உள்ளே போகும். புகையோடு பறந்து இரும்பை அரிக்கும் அந்த மணல்தான் எங்களுக்கு எமன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் ஐடி ஃபேனின் இறக்கைகளுக்கு எச்.வி.ஓ.எஃப் முறையில், அதாவது பவுடரை அதிவேகத் தீச்சுவாலையில் சூடாக்கித் தெளிக்கும் முறையில், டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட்-குரோமியம் அடித்தோம். கால் மில்லிமீட்டர் கனம்தான். முன்பெல்லாம் ஷட்டவுன் வந்தாலே இறக்கை விளிம்பு ரம்பம்போல் அரிபட்டுக் கிடக்கும். வெல்டிங் வைத்து, தேய்த்து, பேலன்ஸ் பார்ப்பதற்குள் விடிந்துவிடும். இப்போது அந்த வேலையே இல்லை. நகத்தால் தடவினால் பூச்சு முடிகிற இடத்தின் படி இன்னும் தட்டுப்படுகிறது. அதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. அங்கே புகையின் சூடு 150 டிகிரி செல்சியஸ் அளவுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்த வெற்றியைக் காட்டித்தான், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களின் முன்வரிசையைக் காக்கும் ஸ்டெயின்லெஸ் ஷீல்டு தகடுகளுக்கும் அதே பவுடரைப் பூச்சுக்காரர் அடித்துக் கொடுத்தார். குழாய்க்குள் நீராவி ஓடுகிறது, அதன் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. ஷீல்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதிரே வரும் புகையின் சூட்டிலேயே கிடந்து காயும். எங்கள் பாய்லரில் அந்த இடம் 700 டிகிரியைத் தாண்டும். வேலை ஆணையிலேயே அதை எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் படிக்கவில்லை.

அடுத்த ஷட்டவுனில் உள்ளே இறங்கி டார்ச் அடித்தால், தகட்டின் மேல் மஞ்சள் பாய்ந்த மாவு. கம்பி பிரஷ் பட்டதும் பூச்சு செதில்செதிலாக உதிர்ந்தது.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. டங்ஸ்டன் கார்பைடு பூச்சுக்குச் சுமார் 500 டிகிரிதான் எல்லை. அதற்கு மேல் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட் இளகுகிறது. பிடி தளர்ந்த துகளை மணல் பெயர்த்துவிடும். கார்பைடோ ஆக்ஸிஜனோடு சேர்ந்து டங்ஸ்டன் ஆக்ஸைடாகிறது. அது மஞ்சள் நிறம், அடர்த்தி குறைவு; அதனால் ஊதிப் பெருத்து வெடிக்கிறது. போதாக்குறைக்கு, சூட்டில் ஸ்டெயின்லெஸ் விரிகிற அளவில் இந்தப் பூச்சு மூன்றில் ஒரு பங்குதான் விரியும். பாய்லரை நிறுத்தி ஏற்றும்போதெல்லாம் ஒட்டிய இடத்தில் இழுபறிதான்.

சண்டை போட்டு, குரோமியம் கார்பைடு 75, நிக்கல்-குரோமியம் 25 கலவையில் மறுபடி அடிக்க வைத்தோம். சாதாரணச் சூட்டில் இது டங்ஸ்டன் கார்பைடைவிட மென்மையானதுதான். ஃபேனில் போட்டால் தோற்கும். ஆனால் 850 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மேலே மெல்லிய குரோமியம் ஆக்ஸைடுத் தோல் ஒன்று உண்டாகி ஆக்ஸிஜனைத் தடுக்கிறது. தெளிக்கும்போது உலோகத்தில் கரைந்துபோன கார்பைடு, சூட்டில் இருக்க இருக்கப் பொடித்துகள்களாகத் திரும்ப வெளிப்பட்டு, பூச்சு கொஞ்சம் இறுகுவதும் உண்டு. நடுத்தகடுகளை இறக்கிப் பார்த்தேன்: சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, அடித்த கனம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. நியாயமாகச் சொன்னால் அருமையான சரக்கு.

தீராத எரிச்சல் தகட்டின் ஓரங்களில். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் குளோரைடு உண்டு. எங்களுக்குக் கடற்காற்றின் உப்பு வேறு. சாம்பல் கெட்டியாகப் படிகிற ஓரத்தில் இந்த உப்புகள் குரோமியத் தோலைக் குரோமேட்டாக மாற்றித் தின்றுவிடுகின்றன. அங்கிருந்து பூச்சு தூக்கிக்கொள்கிறது. உள்நாட்டு ஆலைக்காரர்கள் காட்டும் படங்களை நம்பி இராமநாதபுரம் கடற்கரைக்கு உத்தரவாதம் எழுதித் தருவது எந்த விதத்தில் நியாயம்?

இன்னொன்று. பூச்சுக்காரர்கள் நீட்டும் தாளைப் பாருங்கள். கடினத்தன்மை 1,100 விக்கர்ஸ், மணலும் ரப்பர் சக்கரமும் வைத்த தேய்மானச் சோதனை, எல்லாம் அறை வெப்பநிலையில் எடுத்தவை. ஐடி ஃபேனுக்கு அந்தத் தாள் ஓரளவு பேசும். ஷீல்டுக்கு ஒரு வார்த்தையும் பேசாது. சூட்டில் எடுத்த அரிமான அளவைக் கேட்டால் "பார்த்து அனுப்புகிறோம்" என்கிறார்கள்; வந்தபாடில்லை.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: ஃபேனுக்கு யோசிக்காமல் டங்ஸ்டன் கார்பைடு போடுங்கள். ஷீல்டுக்குக் குரோமியம் கார்பைடு நல்லது என்று கண்ணால் பார்த்த பிறகும், இந்த வருடம் கனமான வெறும் தகடே வாங்கி மாட்டப்போகிறேன். "எத்தனை டிகிரி, என்ன விறகு, கடல் எவ்வளவு தூரம்" என்று தானாகக் கேட்கிற பூச்சுக்காரர் வந்தால் பேசலாம்.