மாச மெனுவா, வார மெனுவா, அன்னன்னைக்கு முடிவு பண்றதா? மூணையும் பண்ணிப் பாத்துட்டு சொல்றேன்

காலைல அஞ்சரை மணிக்கு அடுப்படில நின்னுக்கிட்டு "இன்னைக்கு என்ன குழம்பு வைக்க"ன்னு யோசிக்கிற அந்த பத்து நிமிஷம் இருக்கே, அதுதான் சமையல்லயே பெரிய வேலை. வெட்டுறது வதக்குறதெல்லாம் கை தானா பண்ணிரும். எங்க வீட்டுல அஞ்சு பேர், நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், ஸ்கூல் போற பசங்க ரெண்டு, அப்புறம் அத்தை. இந்த யோசனையை யார் தலைல ஏத்துறது, எப்படி குறைக்கிறதுன்னுதான் மூணு முறையையும் மாத்தி மாத்திப் பாத்தோம்.

அத்தை காலம் பூரா அன்னன்னைக்கு முடிவு பண்ணவங்க. தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை 1999ல திறந்தது எங்க மதுரை அண்ணா நகர்லதான், அன்னைலருந்து அத்தைக்கு அங்க போய் காயைப் பாத்தாதான் குழம்பே முடிவாகும். பிஞ்சு கத்திரிக்கா வந்தா எண்ணெய்க் கத்திரிக்கா, முருங்கைக்கா மலிஞ்சு கெடந்தா சாம்பார். சுவைன்னு பாத்தா இந்த முறையை அடிச்சுக்க ஆள் இல்ல, காசும் மிச்சம். ஆனா அதுக்கு காலைல சந்தைக்குப் போக ஒரு ஆளுக்கு நேரம் இருக்கணும். எங்களை மாதிரி ஆளுங்க அதையே பண்ணா, கூடைல கெடக்குற உருளைக்கெழங்குதான் வாரத்துல நாலு நாள். இன்னொன்னு, ஊற வைக்கிற ஐட்டம் எதுவுமே தட்டுக்கு வராது. கொண்டைக்கடலை, மொச்சை, தட்டப்பயறெல்லாம் முந்தின நாள் ராத்திரியே தண்ணில போடணும், முளைகட்டுன பயறுன்னா அதுக்கும் ஒரு நாள் முன்னாடியே. நாளைக்கு என்னன்னு தெரியாத வீட்டுல அதெல்லாம் டப்பாவுலயே வண்டு புடிச்சுரும்.

அப்புறம் வார மெனு. ஞாயித்துக்கெழம உக்காந்து ஏழு நாளைக்கு எழுதுறது, காயும் அன்னைக்கே வாங்கிருவோம். காயோட ஆயுசுக்கு இதுதான் சரியான கணக்கு, கீரையை வாங்குன அன்னைக்கோ மறுநாளோ முடிக்கணும், வெண்டைக்கா, கத்திரிக்காயை புதனுக்குள்ள, பீட்ரூட், கேரட், முட்டைக்கோஸ் வாரக் கடைசி வரை தாங்கும், சேனையும் பூசணியும் அதுக்கு மேலயும் நிக்கும். அந்த வரிசைல எழுதுனா ஒண்ணு கூட அழுகாது. ஆனா ஏழு நாள் மட்டும் கண்ணு முன்னாடி இருக்கறதால போன வாரம் எழுதுனதையே கை மறுபடி எழுதுது. வாழைப்பூ சமைச்சு ரெண்டு மாசம் ஆச்சுன்னு யாருக்கும் தோணவே இல்ல. மளிகையும் நடு வாரத்துல தீர்ந்துருது, உளுந்து இல்லன்னு ராத்திரி எட்டு மணிக்கு கடைக்கு ஓடுனதெல்லாம் அந்த சமயத்துலதான்.

மாச மெனுலதான் சொல்றதுக்கு நெறைய இருக்கு. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதியெல்லாம் எழுதுவோமே அந்த மாத காலண்டர், அதோட கட்டத்துலயே எழுத ஆரம்பிச்சோம். மொத வேலை அமாவாசை, கார்த்திகை, சஷ்டி எங்க விழுதுன்னு பாத்து அங்க கறி, முட்டை வராம வட்டம் போடுறது. புரட்டாசி வேற செப்டம்பர் நடுவுல ஆரம்பிச்சு அக்டோபர் நடுவுல முடியும், அதனால ரெண்டு தாள்லயும் பாதிப் பாதி சைவம். இதுல கெடைக்கிற பெரிய லாபம் மளிகைக் கணக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை மாவு அரைக்கிறோம், ஒரு தடவைக்கு ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து, ஆக மாசத்துக்கு 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து, முடிஞ்சது. சாம்பார் பத்து நாள்னா ஒரு நாளைக்கு 125 கிராம் வச்சு ஒண்ணேகால் கிலோ துவரம்பருப்பு, ரசத்துக்கும் பருப்பு சாதத்துக்கும் முக்கா கிலோ, மொத்தம் 2 கிலோ. அதுல ஒரு கிலோ ரேஷன்ல 30 ரூபாய்க்கு வந்துரும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கு, மீதிக்கு மட்டும் கடை. முன்னாடி துவரம்பருப்பே குத்துமதிப்பா 4 கிலோ வாங்கி வச்சிருந்தோம்.

ஆனா முதல் மாசம் நான் பண்ண தப்பு, 12ஆம் தேதி முருங்கைக்கீரை, 19ஆம் தேதி வஞ்சிரம்னு காயையும் மீனையும் தேதி போட்டே எழுதுனது. அது ஓடாது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரைல மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்ப வஞ்சிரம்னு எழுதி வச்சிருந்தா வெலையைக் கேட்டே மனசு விட்டுப் போயிரும். 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னைல ரேஷன் கடைலயே 60 ரூபாய்க்கு குடுக்குற நெலம வந்துச்சு, அந்த மாதிரி மாசத்துல தக்காளிக் குழம்பு, தக்காளி சாதம்னு ஆறு கட்டத்துல இருந்தா என்ன பண்றது?

அதனால என் முடிவு இதுதான், மாசத்துக்கு குழம்போட வகையை மட்டும் எழுதுங்க, காயை வாரத்துக்கு முடிவு பண்ணுங்க. கட்டத்துல "சாம்பார்", "காரக்குழம்பு", "மோர்க்குழம்பு", "கூட்டு ரசம்", "பயறு"ன்னு இருந்தா போதும், எந்த காய்ங்கறதை சனிக்கெழம அத்தை சந்தைல பாத்து சொல்லுவாங்க. அவங்க கண்ணும் வீணாகல, எங்க நேரமும் மிச்சம். டிபனுக்கு மாவே வரிசை போட்டுக் குடுத்துரும், அரைச்ச மறுநாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிச்சதும் ஊத்தப்பமோ பணியாரமோ, இடைல விழுற நாளுக்கு சப்பாத்தி, சேமியா. "பயறு"ன்னு இருக்குற கட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி யார் கடைசியா அடுப்படி லைட்டை அணைக்கிறாங்களோ அவங்க ஊறப் போடணும்.

ரெண்டு வயசானவங்க மட்டும் இருக்குற வீடு, வாசல்லயே காய் வண்டி வரும்னா இதெல்லாம் தேவையே இல்ல, அன்னன்னைக்கு பண்றதே நல்லது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பாக்குறவங்களுக்கு வாரக் கணக்குதான் வசதி. ஆனா பசங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுற வீட்டுக்கு மாசத் தாள் மாதிரி உதவி வேற இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். எங்க வீட்டையே எடுத்துக்கோங்க, முன்னெல்லாம் வேலை முடிஞ்சு என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாடி வந்தாலும் "என்ன செய்யணும்"னு ஃபோன் பண்ணுவார், நான் பஸ்ல நின்னுக்கிட்டே பதில் சொல்லுவேன். இப்ப நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப குக்கர் ரெண்டு விசில் வந்திருக்கு.

அடுத்த மாசத் தாளை நேத்துதான் எழுதி முடிச்சோம். வெளியூர்லருந்து யாராவது வந்தா, இல்ல மீந்ததை தீர்க்கணும்னா ஆகும்னு நாலு கட்டம் சும்மா விட்டிருக்கு, பெரியவ அதுல ஒண்ணுல பென்சில்ல "பரோட்டா"ன்னு எழுதிட்டா, அதை அழிக்க வேணாம்னு அத்தையே சொல்லிட்டாங்க.