ஆட்டுக்கறியா, மீனா? ஒத்துக்கொள்ளாத உடம்புக்கான கீட்டோ

பால் ஆகாது, முட்டை ஆகாது, தக்காளியும் கத்தரிக்காயும் பட்டால் தடிப்பு. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் கறி, மீன், உப்பு மட்டும் மிஞ்சிய தட்டோடு நிற்பவர்கள் உண்டு. தானியத்தையும் சர்க்கரையையும் ஒதுக்கும் பேலியோ, மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பையே எரிபொருளாக்கும் கீட்டோ என்ற பேச்சு தமிழில் பரவிய பிறகு அவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "மீன் லேசானது, மீனாகவே சாப்பிடுங்கள்" என்பது. நான் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வேன். இந்த உடம்புக்கு ஆட்டுக்கறியே அடித்தளம். மீன் அதற்குப் பிறகு, பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டியது.

காரணம் ஹிஸ்டமின், அதாவது உடம்பில் அலர்ஜி போன்ற தொல்லைகளைக் கிளப்பும் ஒரு வேதிப்பொருள். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. பனிக்கட்டியில் சரியாக வைத்தால் இது மெதுவாக நடக்கும். நம்மூர் வெயிலில் சில மணி நேரமே போதும். ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் அது போகாது. செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பார்வைக்கும் மோப்பத்துக்கும் நன்றாக இருக்கும் மீனிலும் ஹிஸ்டமின் ஏறியிருக்கலாம். குடலில் அதை உடைக்கும் டிஏஓ என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், தோல் தடிக்கும்.

இதைப் பலர் மீன் அலர்ஜி என்றே நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. உண்மையான மீன் அலர்ஜி பெரும்பாலும் பார்வால்புமின் என்ற புரதத்தால் வருவது. கரையேறிய நிமிடமே சமைத்தாலும் அது இருக்கும், ஆகவே அந்த மீனைச் சாப்பிடும்போதெல்லாம் வரும். ஹிஸ்டமின் அப்படியல்ல. இன்று ஒத்துக்கொண்ட அதே மத்தி அடுத்த வாரம் படுத்தும். தொண்டை இறுகுவது, மூச்சு திணறுவது, உதடு வீங்குவது என்று ஒருமுறை வந்திருந்தால்கூட வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அலர்ஜி மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது கறிக்கடைப் பக்கம் வாருங்கள். நம்மூரில் ஆடு விடியற்காலையில் அறுபடுகிறது, மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. மேல்நாடுகளில் மாட்டிறைச்சியைக் குளிரறையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு முதிர வைப்பார்கள். மென்மைக்கும் ருசிக்கும் அது நல்லது, ஹிஸ்டமின் தாங்காதவருக்கு நல்லதல்ல. கண்ணெதிரே வெட்டித் தரும் நம் கடைப் பழக்கம் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரம். நான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எது என்ன கறி என்பதைவிட, உயிர் போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதே இங்கே பெரிய கேள்வி.

மீனில் அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. கட்டுமரமோ நாட்டுப்படகோ விடியலில் கரை சேர்த்த மீன் ஒரு ரகம். விசைப்படகில் பல நாள் பனிக்கட்டியில் கிடந்து, ஏலம் போய், லாரியேறி உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது வேறு ரகம். தட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், தூரத்திலிருந்து வரும் மீன் சந்தையை நிரப்பும். கோடை உச்சமும் அதேதான். நாட்டுப்படகு மீன் நேரடியாகக் கிடைக்காத ஊர்க்காரர்கள் அந்த இரண்டு மாதமும் கடல்மீனை விட்டுவிடுவது உத்தமம். கருவாடும் உப்புக்கண்டமும் எந்த மாதத்திலும் வேண்டாம்.

ஆனால் ஆட்டுக்கறியிலும் ஒரு குழி இருக்கிறது: வெள்ளாட்டுக்கறி கொழுப்பு குறைந்தது. ஒரு நாளைக்கு 2000 கலோரி, அதில் 70 சதவீதம் கொழுப்பிலிருந்து என்றால் சுமார் 155 கிராம் கொழுப்பு வேண்டும். வெறும் தொடைக்கறி அதற்குப் போதாது. வில்யால்முர் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் பயணி 1928-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் கறி மட்டுமே சாப்பிடும் சோதனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் கொழுப்பில்லாத கறியாகக் கொடுத்தார்கள். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாயின. ஆகவே கடையில் நெஞ்சுக்கறி கேளுங்கள், கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். செம்மறி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம்.

இந்தக் கணக்கில் வெள்ளைச் சதை மீன்கள் இன்னும் பின்தங்கும். சங்கரா, விரால் எல்லாம் ஏறக்குறைய முழுக்கப் புரதம். அவற்றை மட்டும் தின்று கீட்டோவில் நிற்க முடியாது. கொழுப்புள்ள மீன் வேண்டுமென்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும்தான், அவையோ ஹிஸ்டமின் பட்டியலில் முதலில் நிற்பவை. மீனை மட்டும் நம்பியவர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

கோழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கேயே உரித்துத் தருகிறார்கள் என்பது நன்மை. நெஞ்சுச் சதையில் கொழுப்பு மிகக் குறைவு என்பது குறை. தோலோடு தொடை வாங்கலாம். மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுக்கறிக்குச் சொன்ன அதே நியாயம், செலவு குறைவு.

ஆட்டுக்கறி அடியோடு தோற்கும் இடம் ஒன்று உண்டு: ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை. சிலவகை உண்ணிகள் கடித்த பிறகு, பாலூட்டிகளின் கறியில் உள்ள ஒரு சர்க்கரை மூலக்கூறுக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டத் தொடங்குகிறது. சாப்பிட்ட உடனே வராது. 2 முதல் 6 மணி நேரம் கழித்து, பலருக்கு நள்ளிரவில், அரிப்பும் தடிப்பும் வயிற்றுவலியும் வரும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஆடு, மாடு, பன்றி மூன்றும் கூடாது. மீனும் கோழியும்தான் வழி, கொழுப்புக்குக் கோழித்தோலும் கோழிக் கொழுப்பும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைச் சரிசெய்யாமல் எந்தக் கீட்டோவிலும் இறங்கக் கூடாது. பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. கெட்ட கொழுப்பு எகிறும் உடம்புகளும் இருப்பதால் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்கள் முதலில் சில வாரம் அன்றன்று வெட்டிய ஆட்டுக்கறி, கொழுப்பு, உப்பு என்று நில்லுங்கள். மிஞ்சியதை உடனே ஃப்ரீசரில் வையுங்கள். நேற்றைய மீன்குழம்புதான் ருசி என்ற நம் நாக்கை இங்கே கேட்கக் கூடாது. உடம்பு அடங்கிய பிறகு மீனை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒமேகா-3-ம் அயோடினும் அதில்தான் தாராளம். நான் முதலில் வைப்பது விராலை, ஏனென்றால் தொட்டியில் துள்ளுவதை எடுத்து நம் முன்னாலேயே வெட்டுகிறார்கள். அடுத்து சங்கரா. மத்தி கடைசியில், அதுவும் படகு வந்த காலையில் கரையிலேயே வாங்க முடிந்தால் மட்டும்.