நுரை மான் கற்றுத் தருவதும் மறைப்பதும்: ஒரு வில் பயிற்சி இலக்கு பற்றிய மதிப்பீடு

கோலாலம்பூர் வட்டாரத்தில் கப்பிகள் பூட்டிய கம்பவுண்ட் வில் பழகுகிறவர்களில் சிலர் தாள் வட்டத்தில் பத்துப் புள்ளி எடுப்பதற்காகப் பழகுவதில்லை. ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து அரசாங்கக் காடுகளுக்குக் கடமான் தேடிப் போகிறவர்கள் அவர்கள். திடலில் நிற்கிற முழு உருவ நுரை மானைச் சொந்தமாக வாங்கலாமா, வாடகைக்கு எய்தால் போதுமா, அதில் பழகிய கை காட்டில் நிற்குமா என்று அவர்கள்தான் கேட்கிறார்கள். இந்த மதிப்பீடு அவர்களுக்கானது.

முதலில் பொருளைப் பார்ப்போம். அடர்த்தியான பாலியுரித்தேன் நுரையில் வார்த்த மான். தலை, முன்னுடல், பின்னுடல் எனத் துண்டுகளாக வரும், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கால்களின் அடியில் இரும்புக் கம்பி செருகித் தரையில் அடித்து நிறுத்த வேண்டும். நெஞ்சுப் பகுதி மட்டும் தனித் துண்டு. அம்பு தைத்துத் தைத்து அது பொத்தலானதும் கழற்றிவிட்டு வேறு மையம் போடலாம். மையம் மாற்ற முடியாத மலிவு மாதிரிகளும் உண்டு, அவற்றை வாங்காதீர்கள். பழகுகிறவர் எய்யும் அம்பு முழுக்க ஒரே இடத்தில்தான் விழும். நெஞ்சு ஓட்டையானால் மீதி மான் புதிதாக இருந்தும் பயன் இல்லை. மையம் மாற்றக்கூடிய நல்ல மாதிரி, கப்பல் செலவோடு சேர்த்து ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். தனியாளாக வாங்குவதைவிட நான்கைந்து பேர் கூட்டுச் சேர்ந்து வாங்குவது நல்லது.

நம் ஊர் வெயிலில் இந்த நுரைக்கு ஒரு குணக்கேடு வந்துவிடுகிறது. அம்பு உள்ளே பாயும்போது உரசலில் சூடு பிறக்கும். நண்பகலில் நுரை ஏற்கெனவே சூடாக இருந்தால், அது இளகிக் கார்பன் தண்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இருவர் சேர்ந்து இழுத்தாலும் அம்பு அசையாது. வேகமான வில்லும் பளபளப்பில்லாத தண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். எய்வதற்கு முன் தண்டின் முன்பாதியில் சிலிக்கோன் எண்ணெயோ, காய்ந்த சவர்க்காரக் கட்டியோ லேசாகத் தேய்த்தால் பாதித் தொல்லை தீரும். பிடுங்கும்போது ஒரு கையால் நுரையை அழுத்திப் பிடித்து, மறு கையால் அம்பை நுரையை ஒட்டிப் பற்றி, போன வழியிலேயே நேராக இழுக்க வேண்டும். அம்பின் வாலைப் பிடித்து ஆட்டினால் தண்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறிய கார்பன் அம்பு அடுத்த எய்தலில் கையிலேயே சிதறலாம். பிடுங்குகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. திடீரென்று விடுபடும் அம்பின் பின்முனை கண்ணில்தான் ஏறும். வெயிலிலும் மழையிலும் விட்டுவைத்த மானின் மேல்தோல் வெடித்துவிடும் என்பதால், பழகி முடித்ததும் நிழலில் ஏற்றி வையுங்கள்.

இலக்கு என்ற அளவில் இது நல்ல பொருள். சிக்கல் நெஞ்சில் வரைந்திருக்கும் வளையங்களில் தொடங்குகிறது. இந்த மான்கள் பெரும்பாலும் அமெரிக்க வெண்வால் மானின் அளவில் செய்யப்படுகின்றன. அதன் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். கடமான் அதைவிட மிகப் பெரியது, வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். இலக்குப் பகுதி பெரிதாக இருக்கிறதே, எளிதாயிற்றே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தோலும் தோள் எலும்பும் அதே அளவுக்குத் தடித்தவை. நுரைக்கு எலும்பு கிடையாது. முன்காலுக்கு நேர் மேலே தோளில் விழுந்த அம்பு, நுரையில் எட்டுப் புள்ளி. உயிருள்ள கடமானில் அது எலும்பில் நின்றுவிட்ட முனை, பல நாள் நொண்டி அலையும் விலங்கு. அமெரிக்கப் போட்டி விதிகளில் ஒன்று, நடு வளையத்தை விட்டு ஓரத்தில் தனியாக ஒரு 14 புள்ளி வட்டம் வைத்திருக்கிறது. துணிந்து ஓரத்தைக் குறிவைப்பவருக்குக் கூடுதல் பரிசு. போட்டிக்கு அது சுவை. வேட்டைக்குப் பழகுகிறவர் மனத்தில் அந்த வட்டம் பதியவே கூடாது. வாங்கிய முதல் நாளே மானின் நிறத்தில் சாயம் பூசி எல்லா வளையங்களையும் மறைத்துவிடுங்கள். முன்காலின் பின்கோட்டைப் பிடித்து மேலே ஏறி, உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நின்றால், அதுதான் இடம். அதைக் கோடு இல்லாமல் காணக் கண் பழக வேண்டும்.

திடல்களில் மான் எப்போதும் பக்கவாட்டில் நிற்கிறது. அதைத் திருப்பி வைக்க அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் திடல் வேட்டைப் பயிற்சிக்கு உதவாது. பின்புறம் சற்று நம் பக்கமாகவும் தலை அப்பாலும் இருக்கும்படி 30 பாகை, பிறகு 45 பாகை திருப்புங்கள். இந்த நிலையில் அம்பு நுழையும் இடத்தைவிட, வெளியேறப்போகும் எதிர்ப்பக்க முன்காலைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் நுழைவிடம் பின்னோக்கி நகர்ந்து விலாவின் நடுவுக்கு வரும். நெஞ்சை நம் பக்கம் காட்டி நிற்கும் மான், நேர் முன்னால் நிற்கும் மான், நேர் பின்புறம் காட்டும் மான், இந்த மூன்றுக்கும் நாணை இழுக்கவே கூடாது. நுரை மான் இந்த மூன்று நிலையிலும் அமைதியாக நின்று புள்ளி கொடுக்கும்.

அசையாமல் நிற்பதுதான் இதன் பெரிய பொய். கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பு நொடிக்கு 80 மீட்டர், ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். 30 மீட்டர் போக அம்புக்கு 0.37 நொடி, வில்லின் ஓசைக்கு 0.09 நொடி. ஓசை கேட்டதும் பாய்வதற்காக மான் முதலில் கால்களை மடக்கித் தாழும். அதற்கு 0.08 நொடி தயக்கம் விட்டாலும் மீதி 0.2 நொடியில் உடல் 20 சென்டிமீட்டர் வரை கீழே இறங்கலாம். நடு நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகெலும்பை ஒட்டிப் போகும். 40 மீட்டரில் அதே கணக்கு 44 சென்டிமீட்டர், அம்பு மானுக்கு மேலேயே போய்விடும் அல்லது முதுகில் கீறும். 20 மீட்டரில் 6 சென்டிமீட்டர்தான். நுரை மான் மேல் 50 மீட்டரில் கொத்தாக எய்கிறவர், காட்டில் 25 மீட்டருக்கு மேல் எய்யத் தகுதியில்லாதவராக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு திறமை. அதிலும் கடமான் காதுகொடுத்து நிற்கும்போது, முன்காலைத் தரையில் தட்டும்போது, வாலைத் தூக்கிக் கொம்பு ஊதியதுபோல் ஒரே குரலில் எச்சரிக்கும்போது, எந்தத் தூரத்திலும் எய்யக்கூடாது.

தூரக் கணிப்பும் இங்கே பழக வேண்டியது. 30 மீட்டர் என்று நினைத்து எய்த மான் 34 மீட்டரில் நின்றால் அம்பு சுமார் 10 சென்டிமீட்டர் தாழும். எண் எழுதிய முளைகளில் நின்று எய்வதால் இது பிடிபடாது. துணைக்கு வந்தவர் மானை இடம் மாற்றி வைக்கட்டும். வாயால் தூரம் சொல்லிவிட்டு, பிறகு தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவியில் சரிபாருங்கள். மலைச் சரிவில் 30 பாகைக் கீழ்நோக்கிய எய்தலில் 30 மீட்டர் என்பது 26 மீட்டராகத்தான் எய்யப்பட வேண்டும்.

பயிற்சி முறை என்று ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். திடலுக்குப் போனதும் கை சூடேறும் முன்பே, தெரியாத தூரத்தில், மழைச்சட்டையும் முதுகுப் பையும் போட்டுக்கொண்டு ஒரே ஒரு அம்பு. அன்றைய மதிப்பெண் அந்த ஒரு அம்புக்குத்தான், அடுத்த முப்பதுக்கும் அல்ல. அடுத்து, முழு இழுப்பில் ஒரு நிமிடம் நின்று, எய்யாமல் நாணை மெதுவாக இறக்கி வைக்கப் பழகுங்கள். ஓசையில்லாமல், வில் துள்ளாமல், விரல் நாணை விடுவிக்கும் ரிலீஸ் பொத்தானிலிருந்து முழுக்க விலகி இறக்குவது எய்வதைவிடக் கடினம். காட்டில் இழுக்கும் தடவைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிய வேண்டும். இறக்கி வைத்த நாணுக்குப் புள்ளி தருகிற திடல் எதுவும் இல்லை, இந்த வகைப் பயிற்சியின் அடிப்படைக் குறை அது.

பிளேடு வைத்த வேட்டை முனைகளை இந்த மானில் எய்யாதீர்கள். மையத்தை இரண்டே நாளில் அறுத்துவிடும், திடல்காரர்கள் விடவும் மாட்டார்கள். அதற்கென்று அடுக்கு நுரைக் கட்டி ஒன்று தனியாக வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முன்பே, பயிற்சி முனையும் வேட்டை முனையும் 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் ஒரே கொத்தில் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேட்டை முனை இடப்பக்கம் விலகினால் அம்பு தாங்கியை வலப்பக்கம் நகர்த்துங்கள், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. கடமானுக்கு விக்டோரியா குறைந்தது 50 பவுண்டு இழுவிசை கேட்கிறது. தடித்த தோலுக்கும் விலாவுக்கும் விரியும் பிளேடு முனையைவிட நிலைத்த பிளேடு முனையும் கனமான அம்பும் பாதுகாப்பு. விரியும் முனை பெரிய காயம் தரும்தான், ஆனால் விரிவதற்கே விசையில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும்.

எந்த இலக்கும் தயார்ப்படுத்தாத எரிச்சல்கள் பொதுக் காட்டில் காத்திருக்கின்றன. விக்டோரியாவில் உரிமம் வாங்கிவிட்டால் அரசாங்கக் காட்டின் பெரும்பகுதி எல்லாருக்கும் பொது. விடிவதற்கு முன் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை முகப்பில் வேறொரு வண்டி நிற்கும். அந்தப் பள்ளத்தாக்கு அவருடையது, வண்டியைத் திருப்பிவிட வேண்டும், வேறு பேச்சில்லை. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை நாய்க்கூட்டத்தோடு வேட்டையாடவும் அனுமதி உண்டு. நாய்க் குரல் எழுந்த மலையில் வில்லோடு காத்திருந்து பயனில்லை. காலையில் காற்று சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறும். இந்த மாற்றம் தெரியாதவர் வாசனையை மானுக்கு முன்னே அனுப்பிவிட்டு மான் இல்லை என்பார். எய்வதற்கு முன் இன்னொரு கேள்வி உண்டு. வண்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, செங்குத்துப் பள்ளத்தின் அடியில், 200 கிலோ விலங்கை இறைச்சி கெடாமல் மேலே கொண்டுவர முடியுமா? முடியாதென்றால் அதுவும் எய்யக்கூடாத எய்தல்தான். முதுகில் நாலைந்து நடை ஆகும்.

எய்த பிறகு என்ன செய்வது என்பதை நுரை மான் கற்றுத் தராது. அம்பு கொல்வது அதிர்ச்சியால் அல்ல, குருதிப்போக்கால். அதனால் காத்திருப்பது வேட்டையின் பாதி. அம்பில் நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி என்றால் நுரையீரல், அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், நான்கு முதல் ஆறு மணி நேரம். பச்சை நிறமும் புல்வாடையும் இருந்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் படுத்திருந்த மான் எழுந்து அடுத்த மலைக்குப் போய்விடும். நம் அகப்பாட்டில் தினைப்புனத்துக்கு வரும் தலைவன், அம்பு தைத்த விலங்கு இப்பக்கம் வந்ததா என்று கேட்பான். கெடுதி வினாதல் என்று இலக்கணம் அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. அவனுக்கு அது காதலுக்கு ஒரு சாக்கு. அம்பு விட்டவன் அதைத் தேடி வருவான் என்பது மட்டும் அங்கே யாருக்கும் சந்தேகமில்லாத வழக்கம். இரண்டு நாள் தேடியும் கிடைக்காவிட்டால் அந்தப் பயணத்தின் வேட்டை முடிந்ததாகக் கொள்வதுதான் நேர்மை.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1860களில் விக்டோரியாவில் கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய அதே கடமான்தான் இங்கே ரூசா. தீபகற்ப மலேசியாவில் 2009 முதல் ரூசாவையும் கீஜாங் என்ற சிறு மானையும் வேட்டையாடத் தடை வந்தது, அவ்வளவு குறைந்துவிட்டன. அனைத்துலக அளவில் ரூசாவை அழிய வாய்ப்புள்ள இனமாக 2008இல் சேர்த்தார்கள். 150க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் மலாயாப் புலிக்கு அது ஒரு முக்கிய இரை. விக்டோரியாவில் ஒரு கடமானை எடுப்பதால் காட்டுக்கு நட்டமில்லை. பகாங்கில் எடுத்தால் அது புலியின் வாயிலிருந்து பிடுங்கியது. இந்த நுரை மானில் கைதேர்ந்தவர் இங்குள்ள காட்டில் வில்லோடு கால் வைக்கக் கூடாது.

ஆக, வாங்கலாமா? பத்துக்கு ஏழு கொடுக்கலாம். நுரைக்கும் பூட்டுக்கும் எட்டரை, வளையங்களுக்கு நான்கு. மாதம் இரண்டு முறைக்குக் குறைவாக எய்கிறவருக்கு வாடகையே போதும். திருப்பி வைக்க விடுகிற, எண்ணில்லாத இடத்தில் நின்று எய்ய இடம் கொடுக்கிற திடலாகப் பார்த்துப் போங்கள். பழைய மான் விலைக்கு வந்தால் மையத்தைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள குழியைத் தடவிப் பாருங்கள். அங்கே அம்பு தைத்த தழும்பு இருந்தால் மையம் தாங்காமல் ஊடுருவியிருக்கிறது, உடலே நைந்துவிட்டது. புது மையம் போட்டாலும் ஒட்டி நிற்காது. அந்த விலைக்கு வேண்டாம்.